கப்பல் வந்த நாளோடு நின்றுவிடும் பள்ளி வரலாறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதுச்சேரியின் பழைய கன்னியர் பள்ளிகளைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். அன்னை ஆன்-மரி ஜவுவே 1807-ஆம் ஆண்டு பிரான்சில் நிறுவிய குளூனி புனித சூசையப்பர் சபையின் சகோதரிகள், ஆளுநர் தெபசேன் தெ ரிஷ்மோன் காலத்தில், 1827-இல் இங்கு வந்து பெண்பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டத் தொடங்கியதைக் கட்டுரையாளர் சிறப்பாகவே விவரித்திருக்கிறார். பல மாதக் கடற்பயணத்துக்குத் துணிந்து, மொழியும் வெயிலும் பழகாத ஊரில் வாழ்நாளைக் கழித்த அப்பெண்களின் உழைப்பு வணக்கத்துக்குரியது. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

என் குறையெல்லாம், நம் கன்னியர் பள்ளிகளின் வரலாறு பெரும்பாலும் கப்பல் கரைசேர்ந்த நாளோடு தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறது என்பதுதான். அன்றைய புதுச்சேரியை வாய்க்கால் ஒன்று வெள்ளையர் பகுதியாகவும் தமிழர் பகுதியாகவும் பிரித்திருந்தது. சகோதரிகளின் கல்விப்பணி முதலில் ஐரோப்பியக் குடும்பங்களைச் சார்ந்தே அமைந்தது. வாய்க்காலின் மேற்குக் கரையில் வாழ்ந்த தமிழ்ப் பெண்பிள்ளைகளுக்கு எழுத்து எப்படிச் சென்று சேர்ந்தது என்ற கேள்வியைக் கட்டுரை எழுப்பவே இல்லை.

அதற்கான விடை 1844-இல் இருக்கிறது. ஆயர் பொன்னான் தலைமையில் அவ்வாண்டு புதுச்சேரியில் கூடிய மறைமாநிலக் குருக்களின் மாமன்றம், உள்ளூர்க் குருக்களை உருவாக்குவதையும் கல்வியைப் பரப்புவதையும் முதன்மையான கடமைகளாக வலியுறுத்தியது. அதே ஆண்டு அக்டோபரில், பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த துப்புயி அடிகளார், தமிழ்ப் பெண்களையே கொண்டு, தமிழ்ப் பெண்பிள்ளைகளுக்குக் கற்பிப்பதற்கென்றே மரியாவின் மாசற்ற இருதயச் சபையைத் தொடங்கினார். மூசே அடிகளாரோடு சேர்ந்து பெரிய தமிழ்–பிரெஞ்சு அகராதியை உருவாக்கியவரும் இவரே. படிப்பும் பாட்டும் கோயில் தாசிகளுக்கே உரியவை, குடும்பப் பெண்ணுக்கு ஆகாதவை என்று பலரும் நம்பிய காலம் அது. அப்படிப்பட்ட ஊரில், திருமணத்தையும் துறந்து, கையில் ஏட்டையும் எடுத்த ஒரு தமிழ்ப் பெண், சொந்த உறவினரிடமே எவ்வளவு பேச்சு வாங்கியிருப்பார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். கடல் கடந்து வந்தவரின் துணிவுக்கு இவருடைய துணிவு சற்றும் குறைந்ததன்று. என்னைக் கேட்டால் ஒரு படி கூடுதல் என்றே சொல்வேன். அந்நியர் நுழைய முடியாத வீடுகளின் திண்ணையில் அமர்ந்து, தாயிடம் தாய்மொழியில் பேசிப் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துவர இவர்களால்தானே இயன்றிருக்கும்?

ஆண்டு விழா மலர்களில் நிறுவனரின் படமும் கட்டடத்தின் படமும் தவறாமல் இடம்பெறுகின்றன. முதல் தமிழ் ஆசிரியைகளின் பெயர்களைத் தேடினால் கிடைப்பதில்லை.

பழைய பள்ளிகளின் அலுவலக அலமாரிகளில் சேர்க்கைப் பதிவேடுகள் இருக்கும். பிள்ளையின் பெயர், தகப்பனாரின் தொழில், சேர்ந்த வகுப்பு, பள்ளியை விட்டு நின்ற தேதி, நின்றதற்கான காரணம் என ஒவ்வொரு வரியும் ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் காட்டும். ஆசிரியையாக இருந்த காலத்தில் அத்தகைய பதிவேடு ஒன்றைப் புரட்டியிருக்கிறேன். காரணம் எழுதும் கட்டத்தில் ‘திருமணம்’ என்ற ஒரே சொல் பக்கம் பக்கமாக வந்துகொண்டே இருந்தது. எந்த ஆண்டுகளில் அச்சொல் குறையத் தொடங்கியது என்று யாரேனும் கணக்கெடுத்தால், பெண்கல்வியின் உண்மையான வளர்ச்சி அங்கேயே தெரியும். கறையானும் கடற்காற்றின் ஈரமும் அந்தத் தாள்களை ஆண்டுதோறும் தின்றுகொண்டிருக்கின்றன.

ஆகவே, இப்பதிவேடுகளைப் படமெடுத்துப் பாதுகாக்குமாறு பள்ளி நிர்வாகங்களையும் சபைத் தலைவியரையும் வற்புறுத்தித் தங்கள் இதழ் எழுத வேண்டும் என்றும், 1844-இன் தமிழ்ச் சகோதரிகளைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றை வெளியிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர்,
புதுச்சேரி