காம்புல ஆறாத புண்ணுக்கு டியூப் மட்டும் போதாது

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

மார்பகப் புற்றுநோய் பத்தி பேப்பர்ல எப்ப எழுதுனாலும் கட்டி இருக்கான்னு தடவிப் பாருங்க, மேமோகிராம் (மார்புக்கு எடுக்கிற எக்ஸ்ரே) எடுங்கன்னு முடிச்சிடுறாங்க, தப்பில்ல, ஆனா கையில கட்டியே தட்டுப்படாம காம்புல புண்ணு மாதிரி ஆரம்பிக்கிற புற்றுநோய் ஒண்ணு இருக்கே, அத யாரு சொல்றது? பேஜட் நோய்னு பேரு. ஜேம்ஸ் பேஜட்னு இங்கிலாந்து சர்ஜன் ஒருத்தர் 1874லயே எழுதி வெச்சிட்டாரு. மார்பகப் புற்றுநோய் வர்றவங்கள்ல 100க்கு 1ல இருந்து 3 பேருக்குத்தான் இது, அதனாலயே யாருக்கும் சந்தேகம் தட்டாது.

எங்க சின்னம்மா பூம்பாறையில பூண்டு போடுறவங்க. ஒரு பக்க காம்புல மட்டும் அரிப்பு, தோல் உரிஞ்சு பக்கு கட்டும், பக்கு விழுந்தா அடியில செக்கச்செவேல்னு ஈரம், ஜாக்கெட் உள்பக்கம் கறை. இந்தக் குளிருக்கு இங்க தோல் வெடிக்காத ஆளு யாரு, இல்லாட்டி காட்டுல அடிச்ச மருந்து சேரலையோன்னு மெடிக்கல்ல டியூப் வாங்கிப் போட்டாங்க, போட்டா அடங்கும், விட்டா திரும்ப வரும். இந்த அடங்குறதுதான் ஆளக் கவுக்குது. சாதா படைன்னா ரெண்டு பக்கமும் வர வாய்ப்பு உண்டு, இது பெரும்பாலும் ஒரே பக்கம்தான்.

வத்தலக்குண்டு இறங்கி மதுரைக்குப் போனா மேமோகிராம்ல ஒண்ணும் இல்லன்னு வந்துச்சு, வீட்டுல எல்லாரும் பழனி முருகனுக்கு நேர்ந்துக்கிட்டது பலிச்சிருச்சுன்னே பேசுனாங்க. டாக்டரம்மா விடல. காம்புத் தோல்ல துளியூண்டு எடுத்து பயாப்ஸிக்கு, அதாவது மைக்ராஸ்கோப்புல வெச்சுப் பாக்க அனுப்புனாங்க, அதுல மாட்டிக்கிச்சு. இந்த நோய் உள்ளவங்கள்ல 100க்கு 80 பேருக்கு மேல மார்புக்கு உள்ளயும் புற்றுநோய் இருக்குமாம், மேமோகிராம் காட்டலைன்னா அது எங்க, எவ்வளவு தூரம்னு பாக்கத்தான் எம்ஆர்ஐ ஸ்கேன்.

கிட்னி சரியா வேலை செய்யுதான்னு ரத்தத்துல கிரியாட்டினின் பாத்துட்டு, குப்புறப் படுக்க வெச்சு, நரம்புல கடோலினியம்னு ஒரு மருந்து ஏத்தி எடுப்பாங்க. புற்று இருக்கிற இடத்துல மருந்து சீக்கிரம் ஏறி பளிச்சுன்னு தெரியும், ரெண்டு காம்பையும் ஒப்பிட்டுப் பாப்பாங்க. கதிர்வீச்சு கிடையாது, சத்தம்தான் டமடமன்னு. அது காந்த மெஷின், உடம்புல உலோகம் இருக்கக் கூடாது, சின்னம்மா மெட்டி, ஊக்கு எல்லாம் கழட்டிட்டு தாலிய மட்டும் கழட்ட மாட்டேன்னு ஒரே பிடிவாதம், கடைசில சித்தப்பா மஞ்சக் கயிறு வாங்கியாந்து கட்டி விட்ட பிறகுதான் உள்ள போனாங்க. பால்குழாய்ல பரவுனது அதுலதான் தெரிஞ்சது, அத வெச்சுத்தான் எவ்வளவு எடுக்கணும்னு ஆபரேஷனே முடிவாச்சு.

அதுக்காக எல்லாரும் எம்ஆர்ஐக்கு ஓடணும்னு சொல்லல. செலவு ஒரு பக்கம், சும்மா இருக்கிறதையும் அது சில நேரம் சந்தேகமா காட்டி அலைய விடும், எம்ஆர்ஐ நார்மல்னு வந்தாலும் காம்புல புண்ணு இருந்தா பயாப்ஸி எடுத்தே ஆகணும். நான் கேக்கிறது சின்ன விஷயம். மலைக் கிராமத்துல கேம்ப் போடுறவங்க கட்டி இருக்கான்னு கேக்கிறதோட, காம்புல ஆறாத புண்ணு, அரிப்பு, ரத்தக் கசிவு இருக்கான்னும் ஒரு வார்த்தை கேக்கணும், கேக்கிறது பொம்பளையா இருந்தா இன்னும் நல்லது, கூச்சத்துல பாதிப் பேரு வாயே திறக்க மாட்டாங்க. உங்க மகளிர் பக்கத்துலயும் இத ஒரு தடவை விவரமா போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொடைக்கானல்