பெயர் போடாத ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

ஹெச்.ஐ.வி.யுடன் வாழும் பெண்கள் சிலர் சேர்ந்து சென்னையின் தென்புறத்தில் நடத்தும் சிறு குழு எங்களுடையது. டிசம்பர் 1 உலக எய்ட்ஸ் தினத்தையொட்டித் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளில் நாங்கள் எடுத்துக்கொண்ட வேலை நல்லபடியாக முடிந்தது. கைகொடுத்தவர்களில் பாதிப் பேர் "என் பெயரைப் போட்டுவிடாதீர்கள்" என்று கேட்டுக்கொண்டீர்கள். மீதிப் பேரின் பெயரை மட்டும் போட்டால், விடுபட்டவர் யார் என்று தெருவே கணக்குப் போட்டுவிடும். ஆகவே இந்த மடலில் உங்கள் எவர் பெயரும் இல்லை. பொறுத்தருளவும்.

முதல் நன்றி அச்சக உரிமையாளருக்கு. மண்டை ஓட்டுப் படம்தான் எடுபடும் என்று ஒருவர் வற்புறுத்தியபோது, "இதைப் பார்த்துப் பயந்தவன் பரிசோதனைக்கா வருவான்?" என்று ஒரே கேள்வியில் முடித்துவைத்தீர்கள். நம்பிக்கை மையத்தில் (அரசின் ஹெச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை மையம்) பரிசோதனை இலவசம், விவரம் வெளியே போகாது, சந்தேகத்துக்கு உதவி எண் 1097 என்ற மூன்று வரிகளோடு சுவரொட்டி வந்தது. அதை முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே ஒட்டிய முடிதிருத்தகக்காரருக்கும், இருக்கைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்ட ஆட்டோ ஓட்டுநர்களுக்கும் நன்றி. கத்தரிக்கோலுக்கு அடியில் உட்கார்ந்தவர் எழுந்து போக முடியாது, படித்துத்தான் ஆக வேண்டும்!

தையற்கார அக்காவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஹெச்.ஐ.வி.க்கு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் வாங்கும் மாத்திரைப் புட்டி பஸ்ஸில் பைக்குள் கலகலவென்று சத்தம் போடும். பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்ப்பாரோ என்றே பலர் அட்டைப்பெட்டியை மையத்து வாசலிலேயே வீசிவிட்டு, புட்டிக்குள் பஞ்சைத் திணித்துக்கொண்டு போவார்கள். அக்கா ரவிக்கை வெட்டிய மிச்சத் துணியில், உள்ளே பஞ்சு வைத்து, புட்டி அளவுக்குச் சுருக்குப் பைகள் தைத்துக் கொடுத்தார். நாடா வரை பொருத்தமான நிறத்தில் தேடிப் போட்டிருந்தார். கூலி வாங்கவில்லை. மாத்திரையைத் தவறவிடாதீர்கள் என்று நாங்கள் பேசிய பேச்சையெல்லாம்விட அந்தப் பை அதிகம் சாதித்தது என்பது என் கணிப்பு.

எங்கள் உறுப்பினர் ஒருவரைப் பிரசவத்துக்குச் சேர்த்த தனியார் மருத்துவமனையில், கட்டிலின் தலைமாட்டில் சிவப்பு மையில் நோயின் பெயரை எழுதி மாட்டிவிட்டார்கள். தொற்றுள்ளவரின் விவரத்தை அனுமதியின்றி வெளியிடுவதைத் தடுக்கும் 2017ஆம் ஆண்டின் ஹெச்.ஐ.வி. சட்டத்தைச் சுட்டி இளம் வழக்கறிஞர் எழுதிய கடிதம் போனதும் அட்டை இறங்கியது. தம்பி, ஒரு காசு வாங்காமல் செய்தீர்கள். குழந்தைக்குத் தொற்று இல்லை என்ற செய்தியை உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

தாம்பரம் சானடோரியம் மருத்துவமனையின் செவிலியர்களுக்கும் ஆலோசகர்களுக்கும் எங்கள் கடன் பழையது. 2004 ஏப்ரலில் அரசு ஹெச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை இலவசமாகத் தரத் தொடங்கிய இடங்களுள் அதுவும் ஒன்று. அதற்கு முன் தாலியை விற்று மருந்து வாங்கியவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். இன்று பெரும்பாலோருக்கு நாளுக்கு ஒரு மாத்திரை. தவறாமல் சாப்பிட்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த நிலை நீடித்தால், உடலுறவின் வழியாக அடுத்தவருக்குத் தொற்றாது. கூட்டந்தோறும் இதைச் சலிக்காமல் சொன்ன ஆலோசகர்களுக்குத் தனி நன்றி.

இன்னும் ஒரு நன்றி, போய்ச் சேர வழியில்லாதது. 1986இல் நுண்ணுயிரியல் பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி நிர்மலா இதே சென்னையில் இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வேலூரில் நடந்த பரிசோதனையில்தான் இந்தியாவில் இந்தக் கிருமி இருப்பது முதன்முதலில் தெரிந்தது. அவர்கள் இருவரையும் நாடு அறியும். காப்பகத்தில் அடைபட்டிருந்து, எதற்கென்று சொல்லப்படாமலே கை நீட்டி இரத்தம் கொடுத்த பெண்களை யாரும் அறியார். அக்காமார்களே, உங்களுக்கும் எங்கள் நன்றி.

சுருக்குப் பைகள் தீர்ந்துவிட்டன. மிச்சத் துணி இருக்கும் தையற்கடைக்காரர்கள் எங்கள் உறுப்பினர் யாரிடமாவது கொடுத்தனுப்பலாம். வெளிர் நிறம் வேண்டாம், சீக்கிரம் அழுக்காகிறது.

நன்றியுடன்,
குழுவினர் சார்பில் செயலாளர்