பெற்றோர்களுக்குக் கடிதம்: மூன்றாம் பருவம்

அன்புள்ள பெற்றோர்களே,

வணக்கம். மூன்றாம் பருவம் முடியப்போகிறது. ஆண்டு விழா நல்லபடியாக நடந்தது. விளையாட்டிலும் பேச்சுப் போட்டியிலும் நம் பிள்ளைகள் பரிசு வாங்கினார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பொதுத்தேர்வுக்கு நன்றாகப் படித்து வருகிறார்கள். எல்லோருக்கும் வாழ்த்துகள்.

அப்புறம், தண்ணீரைப் பற்றி ஒரு விஷயம் மனம்விட்டுப் பேச வேண்டும்.

சென்ற வாரம் மாலை மணி அடித்ததும் வாசலில் நின்றிருந்தேன். இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒன்று வரிசையை விட்டு விலகி, பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைச் சுவரோரம் கவிழ்த்து, கடைசிச் சொட்டு வரை உதறியது. ஏன் கண்ணா என்று கேட்டேன். "காலைல பிடிச்சது மிஸ், பழசாயிடுச்சு. வீட்லயும் கொட்டிடுவாங்க" என்றது. பின்னால் வந்தவர்களும் வரிசையாகக் கவிழ்த்தார்கள். நம்மிடம் 600 பிள்ளைகள். ஆளுக்கு ஒரு டம்ளர், 200 மில்லி என்று வைத்தாலும் தினமும் 120 லிட்டர். அது ஆர்.ஓ. இயந்திரத்தில் சுத்திகரித்த தண்ணீர் என்றால், லிட்டருக்கு இரண்டு மூன்று லிட்டர் வீட்டிலேயே கழிவுக் குழாயில் போயிருக்கும்.

பங்குனி வெயிலில் பள்ளியின் போர்வெல்லில் தண்ணீர் இறங்கிவிட்டது. 12,000 லிட்டர் லாரி தினமும் வந்தும் மதியம் இரண்டு மணிக்கு மேல்தொட்டி காலி. சாப்பாட்டு மணிக்குப் பிறகு ஆயாம்மா ஒவ்வொரு குழாயாக மூடிக்கொண்டு போகிறார். பிள்ளைகள் குறும்புக்காகத் திறந்துவிடுவதில்லை. குழாயை மூட வேண்டும் என்பதே கைப்பழக்கத்தில் இல்லை.

காலை அவசரம் எனக்கும் தெரியும், யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் "ஃபீஸ் கட்டுகிறோமே, இன்னொரு லாரி வாங்குங்கள்" என்று சிலர் சொன்னதை என்னால் ஏற்க முடியாது. அந்த லாரி ஏதோ ஒரு கிராமத்துக் கிணற்றிலிருந்துதான் வருகிறது. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் ஏற்றிக்கொண்டு வந்த ஊர் இந்தச் சென்னை. குடத்தோடு வரிசையில் நின்றவர்கள் நாம்தான். பிள்ளைகளுக்கு அது நினைவில் இருக்காது, நாம் மறக்கலாமா?

வீட்டில் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். பல் தேய்க்கும்போது குழாய் திறந்தே இருந்தால் இரண்டு நிமிடத்தில் பத்து லிட்டருக்கு மேல் ஓடிவிடும், ஒரு மக்கு தண்ணீர் தாராளமாகப் போதும். ஷவருக்குப் பதில் ஒரு வாளி. அரிசி கழுநீர் கறிவேப்பிலைச் செடிக்கு. ஆர்.ஓ. கழிவுநீரில் உப்பு அதிகம் என்பதால் அதைச் செடிக்கு ஊற்றாமல் தரை துடைக்கவும் கழிவறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். தொட்டி வழிந்து சுவரில் இறங்கும் சத்தம் கேட்ட பிறகு மோட்டாரை நிறுத்த ஓட வேண்டாம். நேற்றுப் பிடித்த தண்ணீர், மூடி வைத்திருந்தால், கெட்டுப்போவதில்லை என்பதைப் பிள்ளைகளிடம் நீங்களே சொல்லுங்கள். நான் சொல்வதைவிட நீங்கள் சொன்னால்தான் நிற்கும்.

திங்கட்கிழமை முதல் வாசலில் ஒரு டிரம் இருக்கும். பாட்டில் மிச்சத்தைப் பிள்ளைகள் அதில் ஊற்றட்டும், மைதானத்து வேப்பங்கன்றுகளுக்கு ஆகும். சொல்லாமலே வீட்டிலிருந்து பழைய வாளிகளைக் கொடுத்தனுப்பிய பெற்றோர்களுக்கு மனமார்ந்த நன்றி. இன்னும் நான்கு வாளி தேவைப்படுகிறது.

அன்புடன்,
தலைமையாசிரியர்