கடல் தேங்காய் கேட்ட சித்தப்பாவுக்கு

பிராலின் தீவு, சீஷெல்ஸ்
ஜூன் 18

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே நான் நலம். சித்திக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது? போன வாரம் பேசும்போது, "அங்கதானேடா கடல் தேங்காய் விளையுது, வரும்போது ரெண்டு எடுத்துட்டு வா, கடைக்கு ஆகும்" என்றீர்கள். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை அது.

முதலில் காயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் நாற்பது வருஷமாக மருந்துக்கடையில் துண்டு துண்டாக விற்பது இந்தத் தீவின் மரத்துக் காய். இந்த உலகத்தில் அது தானாக வளர்வது இரண்டே இடங்களில்தான். ஒன்று நான் இருக்கிற பிராலின், இன்னொன்று பக்கத்துத் தீவான கியூரியூஸ். மரத்தைப் பார்த்தால் உங்களுக்குப் பனை ஞாபகம் வரும். உறவும் அப்படித்தான், பனைக்குப் பங்காளி முறை. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. இளங்காயைப் பிளந்தால் உள்ளே நுங்கு மாதிரிதான் இருக்கும். ஆனால் அளவுதான் பயமுறுத்தும். ஒரு விதை 25 கிலோ வரைக்கும் வரும், உலகத்தின் மிகப் பெரிய விதை அது. ஒரு காய் முற்ற ஆறேழு வருஷம், மரம் காய்க்கத் தொடங்கவே 25 வருஷத்துக்கு மேல் ஆகலாம். அதனால் இங்கே ஒவ்வொரு காய்க்கும் கணக்கு உண்டு. அரசாங்க முத்திரையும் எண்ணும் உள்ளதை மட்டும்தான் வாங்கலாம், நாட்டை விட்டுக் கொண்டுபோகத் தனி அனுமதிச்சீட்டு வேண்டும். விலையோ என் சம்பளத்துக்கு எட்டாது. திருட்டுக்காய்க்கும் ஆள் உண்டு, மாட்டினால் ஜெயில். நீங்கள் கேட்டதற்காக நான் அங்கே போக முடியுமா?

அந்த மரங்கள் நிற்கும் காட்டுக்குப் பெயர் வலே த மே. 1983இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது. சுமார் 20 ஹெக்டேர்தான், நம் பக்கத்துக் கணக்கில் ஐம்பது ஏக்கர். உள்ளே போனால் மதியத்திலும் அந்தி மாதிரி இருக்கும். காற்றடித்தால் அந்த அகல ஓலைகள் ஒன்றோடொன்று உரசி, தகரக் கூரை நடுங்குகிற மாதிரி சத்தம் வரும். இந்தத் தீவை விட்டால் வேறெங்கும் இல்லாத கறுப்புக் கிளி ஒன்று விசிலடித்துக்கொண்டே போகும். 1881இல் இங்கே வந்த ஆங்கிலேய ஜெனரல் கார்டன், ஆதாம் ஏவாள் இருந்த தோட்டம் இதுதான் என்று நம்பினாராம். வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்தேன், ஆனால் உள்ளே போய்ப் பார்த்த பிறகு அவரைக் குறை சொல்ல மனசு வரவில்லை.

சரி, வேலைக்கு வருகிறேன். நான் இருப்பது பத்து அறை உள்ள ஒரு விருந்தினர் விடுதி, கிராண்ட் ஆன்ஸ் கடற்கரையில். ஸ்டோர் பொறுப்பு என்னுடையது. அரிசி, பருப்பு, வெங்காயம், டிஷ்யூ, சோப்பு என்று கிட்டத்தட்ட எல்லாமே கப்பலில் மாஹே தீவுக்கு வந்து (புதுச்சேரியோடு சேர்ந்த மாஹே இல்லை, இது இந்நாட்டின் பெரிய தீவு), அங்கிருந்து படகில் இங்கே வரும். மூன்று வருஷமாக இதையே பார்த்துப் பார்த்து ஒன்று மட்டும் புரிந்திருக்கிறது. உள்ளே வருகிற சாமானுக்கு வழி இருக்கிறது, வெளியே போகிற குப்பைக்கு வழி இல்லை. அட்டையும் பிளாஸ்டிக் உறையும் டப்பாவும் இங்கேயே நின்றுவிடுகின்றன.

இந்த நாட்டு ஜனத்தொகை ஒரு லட்சத்தைக் கொஞ்சம் தாண்டும். 2019இல் மட்டும் வந்த சுற்றுலாப் பயணிகள் 3,84,000 பேர். அத்தனை பேரும் பார்க்க வருவது இயற்கையைத்தான், சாப்பிட்டுக் குளித்து விட்டுப்போவது குப்பையை. போன மாதம் ஒரு தம்பதி, காட்டுக்குள் யாரோ எறிந்த ஒரு சாக்லேட் காகிதத்தைப் பற்றிச் சாப்பாட்டு மேசையில் அரை மணி நேரம் வருத்தப்பட்டார்கள். மறுநாள் அவர்கள் காலி செய்த அறையில் பதினொரு தண்ணீர் பாட்டில். எண்ணினேன், என்ன செய்வது, எண்ணுவதுதானே என் உத்தியோகம்.

இந்த நாட்டு அரசாங்கத்தார் சும்மா இருக்கிறார்கள் என்று சொல்லமாட்டேன். பிளாஸ்டிக் பை, தெர்மோகோல் பெட்டி, பிளாஸ்டிக் தட்டு எல்லாவற்றையும் 2017இலேயே தடை செய்துவிட்டார்கள், இரண்டு வருஷம் கழித்து ஸ்ட்ராவையும். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் காசு தருவார்கள். 2023 ஆகஸ்டிலிருந்து ஒவ்வொரு பயணியும் இரவுக்கு இவ்வளவு என்று சுற்றுச்சூழல் வரி கட்ட வேண்டும். எங்களைப் போன்ற சின்ன விடுதியில் 25 ரூபாய், நடுத்தரத்தில் 75, பெரிய ஓட்டலில் 100. இந்த நாட்டு ரூபாயில்தான். ஆனாலும் மண் கொஞ்சம். மலை கடலுக்குள் நேராக இறங்குகிறது, நிலத்தில் பாதிக்குக் கிட்டப் பாதுகாக்கப்பட்ட பகுதி. குப்பையை எங்கே கொட்டுவது? மாஹேயில் பிராவிடன்ஸ் என்ற இடத்தில், கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில்தான் கொட்டுகிறார்கள்.

என் பங்குக்கு விடுதிக் கொல்லையில் ஒரு எருக்குழி வெட்டினேன். இரண்டே வாரத்தில் கையகலம் இருக்கிற ஆப்பிரிக்க நத்தைகள் ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி கூடிவிட்டன. இங்குள்ள தோட்டக்காரப் பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் அவரே தகரம் கொண்டுவந்து மூடி போட்டுக் கொடுத்தார். இப்போது காய்கறிக் கழிவு ஒரு கிலோகூட வெளியே போவதில்லை.

இன்னொன்று கடல் கொண்டுவருவது. இப்போது தென்கிழக்குக் காற்று. கரையெல்லாம் கடற்பாசி ஒதுங்கும், காலையில் வாரி எடுப்போம். பாசிக்குள் வலைத்துண்டு, மூடி, ஒற்றைச் செருப்பு. ஜோடி மட்டும் வராது! எந்த நாட்டு எழுத்து என்றே தெரியாத பாட்டில்கள் வரும். தமிழ் எழுத்து இன்னும் கண்ணில் படவில்லை, பட்டால் எழுதுகிறேன். பக்கத்தில் கசின் என்று ஒரு குட்டித் தீவு, பறவைகளின் சரணாலயம். அங்கே போகிற படகுகள் கரையைத் தொடக்கூடாது, நடுவில் அந்தத் தீவுக் காவலர்களின் படகுக்கு மாறித்தான் போகவேண்டும், ஒரு எலி ஏறிவிட்டால் பறவைகளின் கதை முடிந்தது என்று. எலியைத் தடுத்துவிட்டார்கள், அலையை என்ன செய்ய?

அல்டாப்ரா என்று இந்த நாட்டுக்கே சொந்தமான ஒரு தொலைதூரத் தீவு, அதன் கதை இன்னும் மோசம். மாஹேயிலிருந்து 1,100 கிலோமீட்டருக்கு மேல், குடியிருக்கும் ஊர் எதுவும் இல்லை, ஒரு லட்சம் ராட்சத ஆமைகள் இருக்கிற இடம். 2019இல் பன்னிரண்டு தன்னார்வலர்கள் ஐந்து வாரம் தங்கிக் குப்பை பொறுக்கினார்கள். 25 டன். அப்படியும் இன்னும் 513 டன் கிடக்கும் என்று பிறகு கணக்குப் போட்டார்கள். எடையில் 83 சதவீதம் மீன்பிடி வலை, கயிறு வகையறா. அங்கே யார் போய் வலை வீசினார்கள்?

இதே கடல்தான் அந்தக் காலத்தில் உங்கள் கடைச் சரக்கையும் கொண்டுவந்தது. 1768இல் பிரெஞ்சுக்காரர்கள் இந்த மரத்தைக் கண்டுபிடிக்கும் வரை, மாலத்தீவிலும் நம் பக்கத்துக் கரைகளிலும் ஒதுங்கிய வெற்றுக் காயைப் பார்த்து, கடலுக்கடியில் ஏதோ மரம் காய்க்கிறது என்றுதான் நினைத்தார்கள். பெயரும் அப்படி வந்ததுதான். நல்ல காய் கனத்தில் மூழ்கிவிடும் சித்தப்பா. உள்ளே அழுகிக் காலியானதுதான் மிதந்து வரும். அதனால்தான் எந்தக் கரையிலும் அது முளைக்கவில்லை.

கடல் தேங்காய் இல்லை என்று கோபித்துக்கொள்ளாதீர்கள், பதிலுக்கு வேறொன்று தருகிறேன். இந்த மலையெல்லாம் மசாலாவுக்குப் போடுகிற பட்டை மரம். எப்போதோ கொண்டுவந்து நட்டது, இப்போது சொந்த மரங்களை நெருக்கிக் காடாகிவிட்டது. அதை வெட்டினால் யாருக்கும் வருத்தமில்லை. பெரியவர் உரித்துக் காயவைத்துத் தருகிறேன் என்றிருக்கிறார். டிசம்பரில் வரும்போது இரண்டு கிலோ கொண்டுவருகிறேன். துணிப்பையில்தான் தருவேன், கடையில் பாலிதீன் கவரில் போட்டுத் தொங்கவிடாதீர்கள்.

சித்தியையும் தங்கச்சியையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்