விளையாட்டு நூல்களுக்கு மாதிரி ஓவியம் அனுப்புவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு விளையாட்டுப் பதிப்பகங்களுக்கு ஓவியம் வரைந்து கொடுத்துப் பொருளீட்டலாம் என்று தங்கள் நாளிதழின் வேலைவாய்ப்பு இணைப்பில் வந்திருந்த கட்டுரையைப் படித்தேன். கும்பகோணத்தில் ஓவியம் பயின்று, ஒன்பது ஆண்டுகளாக இதே துறையில் பணியாற்றி வருபவன் என்ற முறையில், எங்கள் தொழிலைப் பற்றித் தமிழில் எழுத முன்வந்தமைக்கு முதலில் நன்றி சொல்கிறேன். ஆனால், கைவசமுள்ள நல்ல படங்கள் அனைத்தையும் எல்லாப் பதிப்பகங்களுக்கும் அனுப்பிவிடும்படி அதில் கூறியிருந்த அறிவுரை, மாணவர்களைப் பல மாதங்கள் வீணாகக் காத்திருக்க வைத்துவிடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

கட்டுரை குறிப்பிட்டவை கணினி விளையாட்டுகள் அல்ல. நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டி, பேச்சாலேயே ஒரு கதையை நடத்திச் செல்லும் 'ரோல் பிளேயிங்' விளையாட்டுகள் அவை. 1974-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரின் ஆக்கமாக வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவற்றுக்கு முன்னோடி. முதல் அச்சில் ஆயிரம் பிரதிகளே வந்த அந்த விளையாட்டின் பெட்டிக்குள் இருந்தவை, எளிய கோட்டோவியங்கள் கொண்ட மூன்று சிறு கையேடுகள். இன்று அதே விளையாட்டின் நூல்கள் பக்கத்துக்குப் பக்கம் வண்ண ஓவியங்களோடு வருகின்றன. எனினும் ஓவியத்தின் வேலை மாறவில்லை. ஆட்டத்தை நடத்துபவர் புத்தகத்தைத் திருப்பிக் காட்டி, 'உங்கள் எதிரே நிற்பது இதுதான்' என்று சொல்லும் கணத்தில், சுற்றியிருக்கும் அத்தனை பேர் மனத்திலும் ஒரே உருவம் பதிய வேண்டும். அந்த விலங்கு எவ்வளவு பெரியது, எதனால் தாக்கும், எந்தப் பக்கமாகத் தப்பி ஓடலாம் என்பதெல்லாம் படத்தைப் பார்த்ததுமே விளங்க வேண்டும்.

நான் முதலில் அனுப்பிய மாதிரிகளில் இது எதுவும் இல்லை. கல்லூரியில் வரைந்த உருவப் படங்கள், காவிரிக்கரைக் காட்சிகள், தைலவண்ண ஓவியங்கள் என முப்பதுக்கும் மேற்பட்டவற்றை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு பதில்கூட வரவில்லை. பிறகு, ஒரு குகைக்குள் நுழையும் நால்வரைப் பற்றிச் சிறு காட்சியொன்றை எழுதி வைத்துக்கொண்டு, அதையே முழுப்பக்கப் படமாகவும், அரைப்பக்கப் படமாகவும், எழுத்துகளுக்கு நடுவே வைக்கும் சிறு படங்களாகவும் வரைந்தேன். அந்த நால்வரும் ஒவ்வொரு படத்திலும் வெவ்வேறு கோணத்தில் தெரிந்தாலும் அதே ஆட்களாகவே தெரியும்படி பார்த்துக்கொண்டேன். முதல் பதிலும், ஆறு கறுப்பு வெள்ளைப் படங்களுக்கான முதல் வேலையும் அந்தப் பத்துப் படங்களால்தான் கிடைத்தன. பிற்பாடு அந்தப் பதிப்பகத்தில் படங்களைத் தேர்வு செய்யும் கலை இயக்குநர் எழுதியபோது, அந்த நால்வரில் ஒருத்தியான பெண்ணின் முகம் மூன்று படங்களில் மாறாமல் இருந்ததே தம் முடிவுக்குக் காரணம் என்றார்.

ஆகவே, வாளேந்திய வீரன் வெறும் வெள்ளைப் பின்னணியில் நிற்கும் படங்களை மட்டும் அனுப்ப வேண்டாம் என்று மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கயிற்றைப் பற்றியிருக்கும் கை, விளக்கொளி ஒரு பக்கம் மட்டும் விழும் அறை, ஓடும் குதிரை, ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருக்கும் கூட்டம் ஆகியவை வரைவதற்குக் கடினமானவை. கலை இயக்குநர் தேடுவதும் இவற்றைத்தான். விசித்திர உயிரினங்களை வரையப் பிறர் படங்களைப் பார்த்து வரைய வேண்டியதில்லை. தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பத்தையும் அங்குள்ள யாளித் தூண்களையும் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து வரைந்தால், எலும்பும் தசையும் பொருந்தி எழுந்து நடக்கக்கூடிய ஒரு விலங்கை எப்படிக் கற்பனை செய்வது என்பது கைக்குப் பிடிபடும். என் மாதிரிகளில் இன்றுவரை நீக்காமல் வைத்திருப்பது, இடிந்த மதிலின் மேல் ஏறிவரும் யாளியின் படம்.

அனுப்பும் இடமறிந்து அனுப்புவதும் அதே அளவு முக்கியம். கேயாசியம் பதிப்பகம் 1981 முதல் வெளியிட்டுவரும் 'கால் ஆஃப் கதுலு' பெரும்பாலும் 1920-களில் நிகழும் திகில் கதைகளைக் கொண்டது. அக்காலத்துத் தொலைபேசியையும் காரையும் மேல்சட்டையையும் பிழையின்றி வரையத் தெரிந்தவரே அதற்குத் தேவை. பறக்கும் டிராகன் எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கே பயனில்லை. பைசோ நிறுவனத்தின் 'பாத்ஃபைண்டர்' நூல்களுக்கோ வண்ணம் நிறைந்த வீரசாகசக் காட்சிகள் வேண்டும். ஒவ்வொரு பதிப்பகமும் மாதிரிகளை எப்படி, எப்போது பெற விரும்புகிறது என்று அறிவித்திருந்தால் அதை வரி விடாமல் படித்து அதன்படியே அனுப்ப வேண்டும். தொடக்கக்காரர்கள் பெரிய பெயர்களை மட்டும் நாட வேண்டியதும் இல்லை. 2000-ஆம் ஆண்டில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விதிகளைப் பிறரும் பயன்படுத்திக்கொள்ளத் திறந்த உரிமம் வந்ததிலிருந்து, ஓரிருவர் மட்டுமே நடத்தும் சிறு பதிப்பகங்கள் ஏராளமாகத் தோன்றியுள்ளன. எனக்கு முதல் வேலை தந்ததும் அத்தகைய ஒன்றே.

மாதிரியோடு பென்சில் வரைவுகளையும் பாதுகாத்து வைக்க வேண்டும் என்பதைக் கட்டுரை சொல்லாமல் விட்டுவிட்டது. 2023-ஆம் ஆண்டில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' நூலொன்றின் சில படங்களில் செயற்கை நுண்ணறிவு பயன்பட்டிருந்தது தெரியவந்து பெரும் எதிர்ப்பு கிளம்பியது. அதன்பின் அதை வெளியிடும் நிறுவனம் ஓவியர்களுக்கான விதிகளைத் திருத்தியது. பைசோ அதே ஆண்டில் அதற்கு முன்பே இத்தகைய படங்களை ஏற்பதில்லை என்று அறிவித்திருந்தது. கையால் வரைந்த படம் என்று நிறுவுவதற்கு முதற்கோட்டிலிருந்து இறுதி வண்ணம் வரையுள்ள படிநிலைகளே சான்று.

கடைசியாக, பணமும் உரிமையும். என் இரண்டாம் ஆண்டில் ஒரு நிறுவனம், 'உங்கள் திறமையைச் சோதிக்க' என்று கூறித் தன் நூலுக்கான மூன்று படங்களைக் கூலியின்றி வரைந்து தரச் சொன்னது. பன்னிரண்டு இரவுகள் உழைத்து அனுப்பினேன். அதன்பின் எந்தத் தொடர்பும் இல்லை. முன்பே வரைந்து வைத்திருப்பதைக் காட்டுவதுதான் மாதிரி. ஒருவர் நூலுக்கென்று புதிதாக வரைந்தால் அது வேலை, அதற்குக் கூலி உண்டு. அமெரிக்கப் பதிப்பகங்களின் ஒப்பந்தங்களில் 'வொர்க் ஃபார் ஹயர்' என்ற சொற்றொடர் அடிக்கடி வரும். அதில் கையெழுத்திட்டால் படத்தின் பதிப்புரிமை தொடக்கத்திலிருந்தே பதிப்பகத்துக்குரியதாகக் கருதப்படும் என்பதால், அந்தப் படத்தை நம் மாதிரித் தொகுப்பில் காட்டிக்கொள்ளும் அனுமதியையாவது எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவோ, உரிமையை மாற்றித் தரும் ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் அது ஐந்து ஆண்டுகளுக்கே செல்லும் என்கிறது. நான் படித்த நாளில் கல்லூரியில் இந்த வேறுபாட்டை எவரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

சென்னையிலும் கும்பகோணத்திலும் உள்ள அரசு கவின் கலைக் கல்லூரிகளில் இறுதியாண்டு மாணவர்களுக்கு மாதிரித் தொகுப்பு தயாரிப்பதற்கும் ஒப்பந்தம் படிப்பதற்கும் சில வகுப்புகளேனும் ஒதுக்குமாறு தங்கள் நாளிதழ் வாயிலாக வேண்டுகிறேன். தங்கள் இணைப்பிதழும், பதிப்புரிமை அறிந்த வழக்கறிஞர் ஒருவரைக் கொண்டு, ஓவியர்கள் கையெழுத்திடும் ஒப்பந்தமொன்றை வரிவரியாக விளக்கி வெளியிட வேண்டும். அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன் அது வருமானால், இந்த ஆண்டு படித்து முடித்து வெளியே வருபவர்களுக்கும் பயன்படும்.

இப்படிக்கு,
நூலோவியர் ஒருவர்,
கும்பகோணம்.