ஞாயிறு வகுப்பு: வட்டமும் நிறமும்

அனைவருக்கும் வணக்கம். இந்த ஞாயிறு வெள்ளவத்தை வகுப்பில் பிள்ளைகள் மண்டலா, அதாவது நடுவிலிருந்து விரியும் வட்டக் கோலம், வரையத் தொடங்குகிறார்கள். கவராயம், பாகைமானி, அடிமட்டம், சிவப்பு, மஞ்சள், நீலம் கலர் பென்சில்கள் போதும். பெரிய பெட்டி தயவுசெய்து வாங்க வேண்டாம். மூன்று நிறத்தோடு மல்லுக்கட்டினால்தான் கலவை பிடிபடும்.

வட்டத்தின் 360 பாகையை 12 பங்காக்கினால் ஒவ்வொன்றும் 30 பாகை. நிறங்களை வட்டமாக அடுக்கிக் காட்டும் நிறச் சக்கரத்துக்கும் அதே 12 பங்குதான். மஞ்சளின் மேல் நீலத்தை மெல்லப் பூசினால் பச்சை வரும். சிவப்பும் பச்சையும் அருகருகே இருந்தால் இரண்டும் எடுப்பாகத் தெரியும், ஒன்றோடொன்று கலந்தால் மங்கிவிடும். பிள்ளை இதைத் தானே கண்டுபிடிக்கட்டும், பெற்றோர் முந்திச் சொல்லிவிடாதீர்கள்.

முடித்த வட்டத்தைத் தொலைபேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பாருங்கள். எல்லாமே ஒரே சாம்பலாகத் தெரிந்தால், இன்னும் கடும் நிறமும் மென்நிறமும் வேண்டும்.

அநுராதபுரத்துச் சந்திரவட்டக்கல்லின் (பழைய பௌத்தக் கட்டடங்களின் வாசற்படியில் பதித்த செதுக்குக் கல்) படமும் கொண்டுவருகிறேன். அது அரைவட்டம்தான். யானை, குதிரை, சிங்கம், எருது ஓடும் பட்டை, அன்னப் பட்டை, நடுவில் தாமரை. பட்டைகளின் அகலம் எப்படி மாறுகிறது என்று கவனிக்க அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

வர முடியாதவர்கள் சனி இரவுக்குள் இங்கேயே சொல்லுங்கள்.