மொட்டை அடித்த பாட்டுக்காரன்

கிம்சொன்,
தென் கொரியா.

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்கள், தங்கச்சி, அம்மம்மா எல்லோரும் சுகமாக இருக்க எங்கள் பிள்ளையாரை வேண்டுகிறேன். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. ஆனால் அறைக்குள் நிலமே சூடாக இருக்கும், அதனால் பயப்பட வேண்டாம். இவர்களின் கோவா ஊறுகாய், கிம்ச்சியும் பழகிவிட்டது.

போன கிழமை தங்கச்சி ஒட்டிவைத்த படத்தைப் பார்த்து, "இந்த வடிவான பெடியனுக்கு ஏன் மொட்டை அடிச்சவை, ஏதும் நேத்தியோ?" என்று கேட்டீர்கள். அதற்குள் லைன் அறுந்துவிட்டது. ஆறுதலாக எழுதுவோம் என்று விட்டேன்.

அவன் பெயர் ஜின், பி.ரி.எஸ். என்கிற கொரியப் பாட்டுக் குழுவில் மூத்தவன். நேத்தி இல்லை அம்மா, ஆமிக்குப் போனவன். இங்கே உடம்பு நல்லாக இருக்கிற ஆம்பிளைப் பிள்ளை எல்லோரும் போகத்தான் வேண்டும். தரைப்படை 18 மாதம், கடற்படை 20, விமானப்படை 21. ஏனென்றால் 1953இல் வட கொரியாவோடு சண்டையை நிறுத்தினார்களே ஒழிய, சமாதான ஒப்பந்தம் இன்னும் எழுதவில்லை. பி.ரி.எஸ். பிள்ளைகளுக்குத் தோதாக 2020இல் சட்டத்தைத் திருத்தி, 30 வயது வரை தள்ளிப்போட விட்டார்கள். தள்ளிப்போட மட்டும்தான். 2022 டிசம்பரில் போன ஜின் 2024 ஜூன் 12 வெளியே வந்தான். 2025 ஜூனோடு குழுவின் ஏழு பேரும் முடித்துவிட்டார்கள். அதில் சுகா மட்டும் படைக்குப் பதிலாகப் பொதுச்சேவை செய்தவன்.

விளையாட்டுக்காரருக்கு வேறு சட்டம். ஒலிம்பிக்கில் ஏதாவது பதக்கம், ஆசிய விளையாட்டில் தங்கம் என்றால் சில கிழமைப் பயிற்சியும் கொஞ்சச் சமூகசேவையும் செய்தால் போதும். உதைபந்தாட்டக்காரன் சொன் ஹியுங்மின் அப்படித்தான் தப்பினான். 2018 ஆசிய விளையாட்டின் இறுதி ஆட்டத்தில் ஜப்பானை 2-1 என்று வென்றார்கள், 2020இல் ஜேஜு தீவில் மூன்று கிழமைப் பயிற்சி, சரி. பெரிய சங்கீதப் போட்டிகளில் வென்றவர்களுக்கும் விலக்கு உண்டு. உலகமே பாடுகிற பி.ரி.எஸுக்கு இல்லை. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. முதலாளியிடம் சொன்னேன். "என் மகனுக்கு யார் விலக்குத் தந்தது?" என்று திருப்பிக் கேட்டார், நான் வாயை மூடிக்கொண்டேன். ஏமாற்றியவனை இவர்கள் மறப்பதும் இல்லை. யூ சுங்ஜுன் என்றொரு பாட்டுக்காரன் 2002இல் அமெரிக்கப் பிரஜையாகித் தப்பப் பார்த்தான். நாட்டுக்குள் வரத் தடை போட்டார்கள். நாட்டின் அதியுயர் நீதிமன்றம் வரை போய் வென்றும் விசா கொடுக்கவில்லை.

எங்கள் ஊரில் ஆமிக்கென்றே ஒரு உதைபந்தாட்டக் குழு இருக்கிறது, கிம்சொன் சங்மு. பெரிய கழகங்களில் விளையாடிய பெடியள் சேவைக்காலத்தை இங்கே பந்தடித்துக் கழிப்பார்கள். ஒரு ஞாயிறு வேலைத்தலத்து நேபாளப் பெடியனோடு பார்க்கப் போனேன். கோல் அடித்தவன் ஓடிவந்து, சனத்தைப் பார்த்து விறைப்பாக நின்று சல்யூட் அடித்தான். எல்லோரும் கைதட்டினார்கள். பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளை தகப்பனின் தோளில் இருந்து தானும் சல்யூட் அடித்தது. எனக்குக் கை எழும்பவில்லை அம்மா. ஆமி உடுப்பைக் கண்டு பிள்ளைகள் சிரிக்கிற ஊரில் நாங்கள் வளரவில்லையே.

முதலாளியின் மகன் இப்போது ஆமியில்தான். சமையலறைக் கலண்டரில் அவன் வருகிற நாளுக்கு முதலாளியம்மா சிவப்பு வட்டம் போட்டிருக்கிறா. பின்னேரங்களில் அவன் ஃபோன் எடுப்பான், "சாப்பிட்டியா?" என்றுதான் முதலில் கேட்பா. அவன் போன அன்றைக்கே திரும்பி வருகிற திகதியும் தெரியும். புலிகள் இயக்கத்துக்கு வீட்டுக்கு ஒருத்தர் என்று வந்த நேரம் நீங்கள் அண்ணாவைக் கிடங்குக்குள் இறக்கி, மேலே தகரம் போட்டு, அதன்மேல் விறகு அடுக்கினீர்கள். அப்படியும் கொண்டுபோனார்கள். திகதி ஒன்றும் யாரும் சொல்லவில்லை. கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் பிள்ளைகளைக் காணாத மற்ற அம்மாமாரோடு அண்ணாவின் படத்தை வைத்துக்கொண்டு இருந்தபோதும் சொல்லவில்லை. முதலாளியம்மாவில் எனக்குக் கோபம் இல்லை, நல்ல மனுசி. ஆனாலும் அந்தக் கலண்டர்ப் பக்கம் முகம் கொடுத்துச் சாப்பிட என்னால் முடியவில்லை, கதிரையைத் திருப்பிப் போட்டுவிட்டேன்.

காசு செவ்வாய்க்கிழமை வங்கிக்கு வரும். முதலில் காலபோகத்துக்கு உரம் எடுங்கள், மிச்சத்தில் கிணற்று மோட்டரைத் திருத்துங்கள். தங்கச்சி படத்தைக் கழற்றத் தேவையில்லை, கணக்குப் பாடத்தையும் கொஞ்சம் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அன்பு மகன்